பழைய காரில் டெம்பரேச்சர் மீட்டர் கோளாறு: எங்கே தொடங்கி எப்படித் தேடுவது – முழுமையான வழிகாட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியாறு தாண்டியதும் என் 1978 அம்பாசடரின் டெம்பரேச்சர் முள் அதிகச் சூட்டைக் குறிக்கும் 'எச்' எழுத்தைத் தொட்டு நின்றுவிட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் ஆவி இல்லை, கூலன்ட் வாசனை இல்லை, ரேடியேட்டர் வழக்கமான சூட்டில்தான் இருந்தது. ஆனாலும் முள் அப்படி நிற்கும்போது மலை ஏற மனம் வருமா? அரை மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாக இறங்கி வீட்டுக்கே திரும்பினேன். அடுத்த ஒரு மாதத்தில் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மாற்றினேன், ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவக் கொடுத்தேன், புது சென்சார் வாங்கிப் போட்டேன். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் கோளாறு ஒரே ஒரு திருகாணியில் இருந்தது. சரியான வரிசையில் தேடியிருந்தால் முதல் நாளே, பைசா செலவில்லாமல் பிடித்திருக்கலாம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், இரண்டு மீட்டர் வயர், உப்புத்தாள், சமையலறைத் தெர்மாமீட்டர், ஒரு பழைய பாத்திரம். தொடாமலே சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் பாதி வேலை குறையும், கொரோனா காலத்தில் நெற்றிக்குக் காட்டினார்களே அந்த வகை அல்ல, தொழிற்கூடங்களில் வைத்திருக்கும் 300 டிகிரி வரை காட்டும் வகை.

முதலில் இன்ஜின், அப்புறம் மீட்டர்

முள் எச்சில் நின்றால் மீட்டர் பொய் சொல்கிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். உண்மையிலேயே இன்ஜின் சூடேறியிருந்தால், மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும். அதேபோல முள் குளிர்ச்சியாகக் காட்டுகிறதே என்று நிம்மதியாகவும் இருக்கக் கூடாது. சென்சார் தண்ணீருக்குள் முங்கியிருக்கும்வரைதான் சரியாகக் காட்டும், கூலன்ட் ஒழுகிக் குறைந்து சென்சார் இருக்கும் இடத்தில் காற்றோ ஆவியோ நின்றால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது முள் மேலே போய்ப் பிறகு திடீரென்று விழுந்தால் அதைவிட ஆபத்தான அறிகுறி கிடையாது. உடனே நிறுத்துங்கள்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது, குக்கரில் வெயிட் அடங்கும் முன் மூடியைத் திறப்பது போலத்தான் அது. அழுத்தத்தில் அடைத்து வைத்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. சதுர அங்குலத்துக்கு ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி ஏறும். மூடியின் ரப்பர் கெட்டுப்போய் அழுத்தம் நிற்காவிட்டால் வண்டி சீக்கிரம் கொதிக்கும், மீட்டர்மேல் ஒரு குற்றமும் இருக்காது.

அளவு சரியாக இருந்தால் ஃபேன் பெல்ட் தளர்வைப் பார்த்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் மூடியின் பக்கத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளவெடுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மங்கலான கறுப்புப் பெயின்ட் பூசி அந்த இடத்தில் பாருங்கள், அல்லது ரப்பர் ஹோஸின்மேல் பாருங்கள். ஹோஸில் சில டிகிரி குறைவாகத்தான் வரும். 75 முதல் 90 டிகிரிக்குள் இருந்தால் இன்ஜின் நலமாக இருக்கிறது, இனி மீட்டர் பக்கம் போகலாம்.

ஒரு விஷயம் நம் ஊர்ப் பழைய வண்டிகளுக்கே உரியது. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அப்படிப்பட்ட வண்டி நெடுஞ்சாலையில் காற்று வாங்கிக்கொண்டு போகும்போது முள் குளிர்ச்சியைக் குறிக்கும் 'சி' பக்கமே நிற்கும், ஊருக்குள் நெரிசலில் மேலே ஏறும். மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது, இன்ஜின்தான் உண்மையிலேயே குளிர்ந்து கிடக்கிறது. மூடியைக் கழற்றி உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். அதன்மேல் 74, 82, 88 என்று ஏதோ ஒரு எண் பொறித்திருக்கும், ஏறக்குறைய அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, ஆறும்போது மூடிக்கொள்ள வேண்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

மாடலை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாற்பது ஐம்பது வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கும், யார் எதை மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இன்னமும் ஓடும் மோரிஸ் மைனர்களையே எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் காருக்கு வழக்கமாக டெம்பரேச்சர் மீட்டரே கிடையாது, இப்போது அதில் ஒன்று இருந்தால் பிறகு யாரோ வைத்ததுதான். கையால் தொட்டு, கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதே நல்லது.

ஹெட்டின் முன்பக்கம், தெர்மோஸ்டாட்டை ஒட்டிப் பாருங்கள். அங்கிருந்து சுருள் கம்பி சுற்றிய மெல்லிய செப்புக் குழாய் டேஷ்போர்டு வரை போனால் அது செப்புக் குழாய் வகை, மின்சாரமே இல்லாமல் வேலை செய்யும். சூடான வண்டியில் சாவியை எடுத்த பிறகும் முள் அதே இடத்தில் நிற்பதை வைத்தும் கண்டுபிடிக்கலாம்.

குழாய்க்குப் பதில் பித்தளைச் சென்சாரும் ஒற்றை வயரும் இருந்தால் எலெக்ட்ரிக் வகை. அதிலும் இரண்டு உண்டு. சூடான வண்டியில் சாவி போட்டதும் முள் சோம்பலாக, பத்து இருபது வினாடி எடுத்து மெல்ல ஏறினால் உள்ளே இருப்பது சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு, இதற்குப் பின்னால் ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். சாவி போட்டவுடன் டக்கென்று முள் தாவி நின்றால் காந்தச் சுருள் வகை, அதற்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை.

செப்புக் குழாய் வகை

இதன் அமைப்பு அழகானது. இன்ஜினுக்குள் இருக்கும் பல்பில் ஈதர் போல எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்திருக்கும். சூடேறினால் உள்ளே அழுத்தம் கூடும், அந்த அழுத்தம் குழாய் வழியே மீட்டருக்குள் வந்து, வளைந்த தட்டைக் குழாய் ஒன்றை நிமிர்த்தப் பார்க்கும், அந்த அசைவுதான் முள்ளைத் தள்ளுகிறது. எங்காவது ஊசிமுனை அளவு விரிசல் விழுந்தால் திரவம் போய்விடும், முள் அடியில் விழுந்து இனி எழவே எழாது. மெல்ல மெல்லக் குறைவதும் அபூர்வம், பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

சோதிப்பது எளிது, கழற்றுவதுதான் கடினம். பல்பைப் பிடித்திருக்கும் நட்டு வருடக்கணக்கில் துருவும் சுண்ணாம்புமாக இறுகியிருக்கும். ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் நட்டோடு சேர்ந்து பல்பும் சுற்றும், குழாய் ஜிலேபி போல முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். நல்ல மீட்டர்கள் பல இப்படித்தான் சாகின்றன. அதனால் முந்தைய நாள் இரவே டபிள்யூடி-40 அடித்து ஊறவிடுங்கள், காலையில் மறுபடி அடியுங்கள். ரேடியேட்டர் தண்ணீரைப் பாதியாவது வடித்துவிடுங்கள். நட்டைத் திருப்பும்போது இன்னொரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது சுற்றுவது விரலில் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, நட்டைக் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டு, பொறுமையாகச் செய்யுங்கள். ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை.

பல்ப் வெளியே வந்ததும், மீட்டர் டேஷ்போர்டிலேயே இருக்கட்டும், பல்பை மட்டும் கொதிக்கும் தண்ணீரில் முக்குங்கள். கோயம்புத்தூரில் தண்ணீர் 100 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே கொதிக்கும், மீட்டரில் ஃபாரன்ஹீட் எண்கள் இருந்தால் 212க்கு ஒட்டிக் காட்ட வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் இதைச் செய்தால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், மீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள். அதனால்தான் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வைக்கச் சொல்கிறேன்.

முள் அசையவில்லை என்றால் மீட்டர் போயே போய்விட்டது. வேறு மீட்டரின் பல்பையும் குழாயையும் வெட்டி ஒட்டவைக்கும் முறை ஒன்று இருக்கிறது, பல்பைப் பனிக்கட்டியும் உப்பும் கலந்த பாத்திரத்தில் புதைத்துவைத்து அழுத்தத்தை அடக்கிக்கொண்டு ஈயம் வைத்து இணைப்பார்கள். ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். பழகியவர்கள் செய்யும் வேலை அது, வீட்டில் முயற்சி செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். நல்ல நிலையில் இருந்தால் திரும்ப மாட்டும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். குழாயை எங்கும் கூர்மையாக மடக்காதீர்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு வளையம் சுற்றி விடுங்கள், இன்ஜின் அதிர்வை அந்த வளையம்தான் வாங்கிக்கொள்ளும்.

எலெக்ட்ரிக் வகை: இரண்டு முட்களையும் சேர்த்துப் பாருங்கள்

ஸ்பேனரைத் தொடும் முன், உட்கார்ந்த இடத்திலேயே செய்யும் சோதனை இது. பெட்ரோல் முள்ளையும் பாருங்கள். ஸ்டெபிலைசர் இருக்கும் வண்டியில் பெட்ரோல் மீட்டருக்கும் டெம்பரேச்சர் மீட்டருக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. இரண்டு முட்களும் சேர்ந்து கூடுதலாகக் காட்டினாலோ, சேர்ந்து செத்துக் கிடந்தாலோ, கோளாறு ஸ்டெபிலைசர் பக்கம். பெட்ரோல் சரியாக இருந்து டெம்பரேச்சர் மட்டும் தப்பென்றால் ஸ்டெபிலைசரைத் தொடவே வேண்டாம்.

குன்னூர் சாலையில் நான் கவனிக்கத் தவறியது இதைத்தான். மேட்டுப்பாளையத்தில் ஐந்நூறு ரூபாய்க்குத்தான் பெட்ரோல் போட்டேன், முள்ளோ முழு டேங்க் கோட்டைத் தாண்டி நின்றது.

வீட்டில் ஃபிரிட்ஜுக்கு வைக்கும் ஸ்டெபிலைசர் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. பேட்டரி வோல்டேஜ் 12க்கும் 14க்கும் நடுவே ஏறி இறங்கினாலும் மீட்டருக்குச் சராசரியாக 10 வோல்ட் மட்டும் போகும்படி பார்த்துக்கொள்ளும். சிறிய தகரப் பெட்டி, உள்ளே சூட்டில் வளையும் தகடும் ஒரு தொடுமுனையும், அவ்வளவுதான். 'பி' முனையில் பேட்டரி மின்சாரம் வரும், 'ஐ' முனையிலிருந்து மீட்டர்களுக்குப் போகும். பெட்டியின் உடம்பே எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடம்பு வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. அந்த எர்த் கிடைக்காவிட்டால் உள்ளே தகடு சூடாகாது, தொடுமுனை திறக்காது, முழு 12 வோல்ட்டும் அப்படியே மீட்டர்களுக்குப் போகும், இரண்டு முட்களும் எகிறும். என் வண்டியில் நடந்தது இதுதான். முந்தைய வருடம் டேஷ்போர்டுக்குப் பெயின்ட் அடித்தபோது ஸ்டெபிலைசர் உட்காரும் இடத்திலும் அடித்துவிட்டார்கள், திருகாணி பெயின்ட்மேல் உட்கார்ந்திருந்தது. உப்புத்தாளால் கால் அங்குல வட்டத்துக்குச் சுரண்டி, பளபளவென்று தகடு தெரிந்ததும் திரும்ப முடுக்கினேன். சாவி போட்டதும் பெட்ரோல் முள் பாதி வரை மட்டும் ஏறி நின்றதை இன்னமும் மறக்க முடியவில்லை.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கை வைக்கும் முன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள். ஆமீட்டர் இருக்கும் வண்டியில் அதற்குப் போகும் தடித்த வயர்களுக்கு ஃபியூஸ் கிடையாது, ஸ்பேனர் ஒரு முறை பட்டால் வயரிங் எரியும். சோதிக்க மின்சாரம் தேவைப்படும்போது மட்டும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

'ஐ' முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 10 வோல்ட் நிலையாகக் காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய வகை ஸ்டெபிலைசர் மின்சாரத்தை விட்டுவிட்டுத்தான் அனுப்பும், எண்கள் 0க்கும் 12க்கும் இடையே தாவும், டெஸ்ட் லாம்ப் வைத்தால் மினுக் மினுக் என்று எரியும். அப்படி இருந்தால் நல்லது. விடாமல் 12 காட்டினால் எர்த்தைப் பாருங்கள், எர்த் நன்றாக இருந்தும் 12 என்றால் பெட்டி போய்விட்டது. 'பி'யில் 12 இருந்து 'ஐ'யில் ஒன்றுமே இல்லையென்றாலும் பெட்டிதான். மாற்றுவதற்கு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 7810 ரெகுலேட்டர் போதும், ஆனால் அது பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும் நெகட்டிவ் எர்த் வண்டிக்கு மட்டும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவும் பாசிட்டிவ் எர்த், அவற்றுக்கு அதற்கென்று இருக்கும் எலெக்ட்ரானிக் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பழைய இயந்திர வகைக்கு எர்த் திசை எதுவானாலும் கவலையில்லை, மேல் கீழ் மாற்றி மாட்டாமல் இருந்தால் சரி.

டெம்பரேச்சர் முள் மட்டும் தப்பென்றால்

சாவி போட்டு, இன்ஜினை ஓட்டாமல், சென்சாரிலிருந்து வயரை உருவுங்கள். முள் மெல்ல 'சி'க்கு வர வேண்டும், அரை நிமிடம் பொறுங்கள். வயரை உருவிய பிறகும் எச்சில் நின்றால் அந்த வயர் வழியில் எங்கோ உடம்பைத் தொடுகிறது, சைலன்சர் மானிஃபோல்டு பக்கம் உருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரிட்டிஷ் வயரிங் அப்படியே இருக்கும் வண்டியில் டெம்பரேச்சர் வயர் பச்சையில் நீலக்கோடு, பெட்ரோல் வயர் பச்சையில் கறுப்புக்கோடு.

அடுத்து, உருவிய வயரின் முனையை இன்ஜின் பிளாக்கில் தொடுங்கள். முள் எச்சை நோக்கி ஏற வேண்டும். ஏறத் தொடங்கி முக்கால்வாசிக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள், அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் சூட்டுச் சுருள் கெடும். 33 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் வைத்துத் தொட்டால் இன்னும் பத்திரம். முள் ஏறினால் மீட்டர், வயர், ஸ்டெபிலைசர் மூன்றும் நலம், சென்சாரோ அதன் எர்த்தோதான் காரணம். ஏறவில்லை என்றால் மீட்டரின் பின்னால் மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் லாம்பால் பாருங்கள். வந்தால், மீட்டரின் சென்சார் பக்க முனையிலிருந்தே தனி வயர் ஒன்றை எர்த்துக்குத் தொட்டுப் பாருங்கள், அப்போது ஏறினால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால்தான் மீட்டரைக் குறை சொல்லலாம்.

எர்த் பற்றி இன்னும் கொஞ்சம். சென்சார் தன் மரை வழியாகத்தான் இன்ஜினோடு எர்த் ஆகிறது. ஒழுகக் கூடாதென்று டெஃப்லான் டேப்பை அழுத்தமாகச் சுற்றி மாட்டினால் எர்த் பலவீனமாகி முள் குறைத்துக் காட்டலாம். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே போகும் எர்த் பட்டையையும் பாருங்கள். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து பிளாக்குக்கு ஒரு ஜம்பர் கேபிள் மாட்டிப் பாருங்கள், முள் மாறினால் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது.

சென்சாரைச் சோதிக்க: அதைக் கழற்றி, பித்தளைப் பகுதி மட்டும் முங்கும்படி பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிடுங்கள், அடியைத் தொடக் கூடாது, மேல் முனை நனையக் கூடாது. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒரு முனையைச் சென்சார் முனையிலும் இன்னொன்றை அதன் உடம்பிலும் பிடியுங்கள். சூடேறச் சூடேற ஓம்ஸ் குறைய வேண்டும், ஆறிய நிலையில் சில நூறு, கொதிக்கும்போது சில பத்து என்ற அளவில் இருக்கும். இறக்கம் சீராக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். நடுவில் தாவினாலோ, எண்ணே வராவிட்டாலோ மாற்றுங்கள்.

நான் அதிகம் நம்புவது இதைவிட ஒரு படி முன்னே போகும் சோதனையை. சென்சாரைப் பாத்திரத்தில் வைத்தபடியே, வண்டியின் சென்சார் வயரை நீட்டி அதன் முனையில் மாட்டுங்கள், அதன் உடம்பிலிருந்து இன்னொரு வயரைப் பிளாக்குக்குக் கொண்டுபோங்கள். சாவி போட்டு, தண்ணீர் 60, 70, 80, 90 ஆகும்போது முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டெபிலைசர், மீட்டர், சென்சார் எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்தாயிற்று, உங்கள் வண்டியில் 85 டிகிரி என்றால் முள் எங்கே நிற்கும் என்பது இனி ஊகமாக இருக்காது.

புது சென்சார் போட்டபின் முள் தப்பாகக் காட்டுவது மிகவும் சகஜம். மரை ஒத்துப்போகும், ஓம்ஸ் ஒத்துப்போகாது. பழைய சென்சாரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டு ஒப்பிடுங்கள். புதியது கூடுதலாகக் காட்டினால் அதன் ஓம்ஸ் குறைவு, வயரில் தொடராக ஒரு சிறு ரெசிஸ்டர் சேர்க்கலாம். குறைத்துக் காட்டினால் ஓம்ஸ் அதிகம், சென்சாருக்கு இணையாக ஒன்று போடலாம். எவ்வளவு என்பதைப் பாத்திரத்தில் 85 டிகிரி வரும்போது போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள், இயல்பான ஓட்டச் சூட்டில் முள் நடுவில் நின்றால் போதும். சில மீட்டர்களின் முதுகில் முள்ளைத் திருத்தும் துளைகள் இருக்கும், ஸ்டெபிலைசர் நன்றாக இருக்கிறது என்று உறுதியாகும் வரை அவற்றைத் தொடாதீர்கள்.

விளக்கு போட்டால் முள் ஆடுகிறதா? மீட்டர் பலகையின் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள், பெரும்பாலும் அதோடு தீரும்.

திரும்ப மாட்டும்போது

சென்சாருக்குப் புது வாஷர் போடுங்கள். அலுமினிய மூடியில் அது உட்காருகிறது என்றால் பலமெல்லாம் போட்டு முடுக்காதீர்கள், மரை பிய்ந்துவிடும். தண்ணீர் நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேடான பக்கம் இருக்கட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, ஆறிய நிலையிலிருந்தே இன்ஜினை ஓடவிட்டு, குமிழி வருவது நின்று தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை காத்திருந்து, நிரப்பி மூடுங்கள். சென்சாரைச் சுற்றிக் காற்று அடைத்திருந்தால் இத்தனை வேலையும் வீண், முள் மறுபடி கண்டபடி ஆடும்.

அப்புறம் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, கறுப்புப் பெயின்ட் பூசிய அதே இடத்தில் தெர்மாமீட்டரை வைத்து, பாத்திரத்தில் குறித்த அளவோடு ஒப்பிடுங்கள். அந்த அளவுகளை ஒரு சின்னத் தாளில் எழுதி, மீட்டருக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். என் வண்டியில் ஒட்டியிருக்கும் தாளில் 85க்கு முள் நடுக்கோட்டுக்கு ஒரு நூல் கீழே என்றிருக்கிறது. போன மாதம் மறுபடி குன்னூர் ஏறினேன், வெல்லிங்டன் வரை முள் அந்தக் கோட்டுப் பக்கமே நின்றது.